இருநூறு மணி நேரம் பறந்த மாமனார்

என் கணவருக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே விமானம் ஓட்ட வேண்டும் என்று ஆசை. கடைசியில் அவருக்குக் கிடைத்தது கத்தாரில் ஒரு பெரிய கட்டடத்தின் ஏசி மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர் வேலை. ஆனாலும் ஆசை விடவில்லை. மூன்று வருடத்துக்கு முன் விடுமுறைக்கு வந்தவர் நல்ல கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி, மாடி அறையில் வைத்து, விமானம் ஓட்டும் விளையாட்டை அதில் ஏற்றினார். விளையாட்டு என்று சொன்னால் அவருக்கு முகம் மாறிவிடும். சிமுலேட்டர் என்றுதான் சொல்ல வேண்டும். மேசையில் நிஜ விமானத்தில் இருப்பதைப் போலவே ஒரு ஸ்டியரிங், காலடியில் இரண்டு பெடல். நாற்பது நாள் விடுமுறையில் முப்பது நாள் அவர் வானத்திலேயே இருந்தார். சாப்பாட்டுக்கு மட்டும் தரையிறங்கினார்.

கத்தாருக்குத் திரும்பக் கிளம்பும்போது எல்லாவற்றையும் பழைய வேட்டியால் மூடிவிட்டு என்னிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்தார். மழைக்காலத்தில் ஈரம் ஏறிவிடும், அதனால் வாரத்துக்கு ஒருமுறை போட்டு அரை மணி நேரம் ஓடவிட வேண்டும், வேறு எதையும் தொடக்கூடாது. சொன்னபடியே நான் வாரம் தவறாமல் போட்டேன். ஆனால் ஓடுகிற கம்ப்யூட்டர் முன்னால் ஒருத்தி அரை மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பாள்? அதை அவர் யோசிக்கவில்லை.

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை போகும் வழியில் உள்ள எங்கள் வீட்டில் அப்போது மூன்று பேர்தான் இருந்தோம். நான், மாமனார், என் ஓர்ப்படி. ஓர்ப்படி என்றால் கொழுந்தனின் மனைவி. கொழுந்தனுக்குக் காரைக்காலில் வேலை, ஞாயிற்றுக்கிழமை வருவான். அவள் பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புக்காரர் வீட்டுப் பெண், கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்தவள். வேட்டியை விலக்கி என்ன இருக்கிறது என்று பார்த்த அன்றைக்கே எந்தப் பட்டன் எதற்கு என்று சொல்லிவிட்டாள்.

அதிலிருந்து மதியம் சாப்பிட்டு முடித்து மாமனார் படுத்ததும் நாங்கள் மாடிக்குப் போய்விடுவோம். தையல் பழகுகிறோம் என்று அவரிடம் சொல்லி வைத்திருந்தோம். ஸ்டியரிங் என் கையில் இருக்கும். அவள் பக்கத்தில் நின்று, கிளம்புவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றை மினிபஸ் கண்டக்டர் ஊர்ப்பெயர் சொல்வதைப் போல மூச்சுவிடாமல் சொல்வாள். திருச்சியில் ஏறி முதலில் பத்துப் பதினைந்து முறை வயலில் போய் விழுந்தோம். பிறகு சென்னையில் இறங்கினோம். கொழும்பு, சிங்கப்பூர் எல்லாம் பார்த்தோம். பூடான் நாட்டில் மலைகளுக்கு நடுவே பாரோ என்று ஒரு விமான நிலையம் இருக்கிறது. பள்ளத்தாக்கில் வளைந்து வளைந்து போய்க் கடைசி நிமிடத்தில்தான் ரன்வே கண்ணில் படும். அங்கே இறக்குவதற்காகவே என் கணவர் அந்த விடுமுறையில் ஒரு வாரம் முழுக்கப் போராடித் தோற்றிருந்தார். நாங்கள் அங்கேயும் இறங்கினோம்.

ஒரே குறை, அந்தச் சிமுலேட்டருக்கு எங்கள் ஊரைத் தெரியாது. எங்கள் வயல்களில் அது ஊசியிலை மரங்களை நட்டு வைத்திருந்தது. பெரிய கோயில் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்று நின்றது. மேட்டூரைத் திறக்காத சித்திரை மாதத்திலும் காவிரி கரை புரண்டு ஓடியது.

புது வெர்ஷன் வரப்போகிறது என்று ஓர்ப்படிதான் முதலில் தெரிந்துகொண்டாள். அதில் வானத்திலிருந்து எடுத்த படங்களை வைத்து ஒவ்வொரு ஊரையும் உள்ளது உள்ளபடி காட்டுகிறார்களாம். தன் பிறந்த வீட்டுத் தோப்பை மேலேயிருந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. பழையது எனக்கு அடுப்பைப் போலப் பழகிவிட்டது. எந்த வேகத்தில் எது பொங்கும் என்று தெரியும். அதோடு புதியதில் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும், பறந்த மணிக்கணக்கு எதுவும் கூட வராது என்று அவளே சொன்னாள். அந்தக் கணக்கு எங்களுடையது. லாக்புக் என்று ஒன்றில் தானாகவே பதிவாகிக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டருக்குள்ளேயே பத்திரமாகக் கிடக்கிறது என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம்.

ஒருநாள் சாயங்காலம் போனில் பேசிக்கொண்டிருந்தபோது கணவர் பேச்சோடு பேச்சாகக் கேட்டார், "புதுசு வந்திருக்கு. மாத்தலாமா வேணாமான்னு இருக்கேன். நீ என்ன சொல்றே?"

உங்கள் இஷ்டம் என்று சொல்லியிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும். நான் சொன்னது இது: "வேணாங்க. இருக்கிற கிராபிக்ஸ் கார்டு தாங்காது. இப்பவே மேகத்துக்குள்ள போனா திக்கித் திக்கித்தான் ஓடுது."

அவர் மெதுவாகக் கேட்டார், "மேகத்துக்குள்ள யாரு போனா?"

நான் பதில் தேடுவதற்குள் அவரே தொடர்ந்தார். போன வாரம் அங்கிருந்தே நெட்டில் தன் சிமுலேட்டர் கணக்கைத் திறந்து பார்த்தாராம். லாக்புக்கில் இருநூறு மணி நேரத்துக்கு மேல் ஏறியிருக்கிறதாம். சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்பாதானே ஓட்டுகிறார், போன விடுமுறையில் பின்னால் நின்று அது என்ன இது என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தாரே, மகனிடம் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு ஓட்டுகிறார் போல என்றார். அந்தக் குரலில் அவ்வளவு பெருமை. அதை உடைக்க எனக்கு மனம் வரவில்லை. தப்பித்தோம் என்ற நினைப்பும் இருந்தது, அதை ஒளிப்பானேன்.

"ஆமாங்க," என்றேன்.

மறுநாள் மாமனார் வயலுக்குத் தண்ணீர் திறந்துவிட்டுத் திரும்பி வந்து கால் கழுவும் வரை காத்திருந்தோம். பிறகு இருவரும் அவர் முன்னால் போய் நின்று நடந்ததை எல்லாம் சொன்னோம். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி, தான் எவ்வளவு நேரம் ஓட்டியிருக்கிறோம் என்பது. இருநூற்றுப் பத்து மணி நேரம் என்றேன். எங்கெல்லாம் போயிருக்கிறோம் என்றார். ஓர்ப்படி வரிசையாகச் சொன்னாள். சிங்கப்பூர் என்றதும் தலையை ஆட்டிக்கொண்டார்.

"தையல்னு சொன்னதும் பொய்தான் மாமா," என்று அவள் முழுதாக ஒப்புக்கொண்டாள்.

"அது தெரியும்மா. மிஷினே இல்லாத வீட்டுல என்ன தையல்?" என்றார்.

அடுத்த முறை மகன் கூப்பிட்டபோது போனை அவரே கேட்டு வாங்கினார். காற்று பக்கவாட்டில் அடித்தால் இறக்குவது சிரமம்தான் என்று சொன்னார். டிராக்டரைச் சேற்றில் திருப்புவதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்றார். அரை மணி நேரம் பேசினார், ஓர் இடத்திலும் மாட்டிக்கொள்ளவில்லை. ஒரு வாரத்தில் டீக்கடைக்கும் செய்தி போய்விட்டது. யாரோ சொல்லிவிட்டார்கள் என்று அவர் சொன்னார். அந்த யாரோ யார் என்று நாங்கள் கேட்கவில்லை.

புது வெர்ஷன் விஷயத்தைக் கணவர் அப்பாவிடமே விட்டுவிட்டார். ஓட்டுகிறவர் அவர், வேண்டுமா வேண்டாமா என்று அவரே சொல்லட்டும் என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மாமனாருக்கு ராஜ உபசாரம். நான் வெங்காயப் பஜ்ஜி போட்டுக்கொண்டு போய் வைத்து, பழையதே போதும், மாற்றினால் உங்கள் இருநூறு மணி நேரமும் பூஜ்யமாகிவிடும் என்றேன். டீக்கடையில் என்ன சொல்வது என்று அவர் கவலைப்பட்டு என் பக்கம் வந்தார். மறுநாள் ஓர்ப்படி கேசரி கிண்டிக்கொண்டு போய், புதியதில் நம் வயலையே மேலிருந்து பார்க்கலாம் மாமா, வரப்புகூடத் தெரியும் என்றாள். அவள் பக்கம் சாய்ந்தார். இப்படியே மூன்று வாரம். முடிவு சொல்லிவிட்டால் பலகாரம் நின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும். மகன் தை மாதம் வருகிறான் அல்லவா, நேரில் பேசி முடிவு செய்துகொள்ளலாம் என்று கடைசியில் சொல்லிவிட்டார்.

வருகிற மகன் முதலில் என்ன கேட்பான் என்பதை மூன்று பேருமே யோசிக்கவில்லை.

அவர் வந்து, குளித்து, சாப்பிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே, "அப்பா, பாரோவுல ஒரு தடவை இறக்கிக் காட்டுங்க," என்றார்.

மாமனார் அசரவில்லை. உள்ளே போய்ச் சட்டை போட்டுக்கொண்டு, விபூதி பூசிக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு மாடி ஏறினார். நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு என்னைப் பார்த்து, தான் எப்போதும் ஆட்களோடுதான் ஓட்டுவது வழக்கம் என்றும், தனியாக ஓட்டுவது பத்திரமில்லை என்றும் சொன்னார். என்னை வலது பக்கம் உட்கார வைத்து, தன் நாற்காலியை இடது பக்கம் நகர்த்திக்கொண்டார். ஸ்டியரிங் நேராக என் முன்னால் வந்தது. ஓர்ப்படியைப் பின்னால் நிற்கச் சொன்னார்.

"கிளப்பும்மா," என்றார்.

கிளப்பினேன். கொஞ்சம் தூக்கு, போதும், இந்தப் பக்கம் வெட்டு என்று அவர் உத்தரவு போட்டுக்கொண்டே வந்தார். அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் முதல் மலையிலேயே மோதியிருப்போம். பள்ளத்தாக்குக்குள் நுழைந்ததும் எனக்கு அறையில் யார் இருக்கிறார்கள் என்பதே மறந்துபோனது. பெரிய திருப்பத்தில் மாமனார் ஆர்வத்தில் கையை நீட்டித் திரையைக் காட்டினார்.

"மாமா, கையை எடுங்க, மறைக்குது," என்று அதட்டிவிட்டேன்.

சக்கரத்தை இறக்கச் சொல்லி ஓர்ப்படி குரல் கொடுத்தாள். ரன்வே தெரிந்தது. அலுங்காமல் இறக்கி நிறுத்தினேன். மாமனார் திரும்பி மகனைப் பார்த்து, எப்படி என்பதைப் போலப் புருவத்தை உயர்த்தினார். என் கணவர் அவரைப் பார்க்கவில்லை. பெடலில் இருந்த என் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க முதல்ல இறக்கினது நீயா?"

"ஆமாங்க."

"எத்தனாவது தடவையில?"

பத்து, பன்னிரண்டு என்று ஏதாவது சொல்லலாம் என்று இருந்தேன். அதற்குள் ஓர்ப்படி, "நாலாவதுல அத்தான்," என்று சொல்லிவிட்டாள்.

அவர் கீழே இறங்கிப் போனார். நாங்கள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பொய் சொன்னதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவருடைய சின்ன வயது ஆசையில் நான் போய்க் கால் வைத்துவிட்டேனோ என்றுதான் உறுத்தியது. மாமனார் மட்டும், நான் நன்றாகத்தானே சொன்னேன், நீ எதற்கு என்னை அதட்டினாய் என்று முணுமுணுத்தார். அதற்குள் படியில் சத்தம் கேட்டது. கணவர் ஒரு மடக்கு நாற்காலியோடு வந்தார். அப்பாவை நகர்ந்துகொள்ளச் சொல்லி, அந்த இடத்தில் அதைப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னொரு தடவை காட்டு. மெதுவா," என்றார்.

மிச்ச விடுமுறை முழுக்க அவர் கற்றுக்கொண்டார், நான் சொல்லிக்கொடுத்தேன். அவசரப்படாதீங்க, வேகத்தைக் குறைங்க, அங்கே எங்கே பார்க்கிறீங்க என்று ஒரு மனைவி சொல்ல ஆசைப்படுவதை எல்லாம் நியாயமான காரணத்தோடு சொன்னேன். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். தான் பாரோவில் இறக்கும் வரை புது வெர்ஷன் பேச்சே எடுக்கக்கூடாது என்று அவர் சொல்லிவிட்டதால் ஓர்ப்படிக்கு முகம் வாடிப்போனது. தினமும் மதியம் வந்து, இன்றைக்காவது இறக்கினாரா என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போவாள்.

விடுமுறை முடிய நான்கு நாள் இருக்கும்போது அவர் இறக்கினார். ஒரு சக்கரம் ரன்வேக்கு வெளியே புல்லில் இருந்தது. அது கணக்கில் சேராது என்றேன். சேரும் என்றார். மறுநாள் காலையிலேயே தஞ்சாவூருக்குப் போய்ப் புது கிராபிக்ஸ் கார்டு வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். என்ன திடீரென்று மனசு மாறிவிட்டது என்று கேட்டேன்.

"புதுசுல உனக்கும் பூஜ்யம், எனக்கும் பூஜ்யம்," என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

இரண்டு பகல் நெட்டிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தது அந்தப் புது வெர்ஷன். மூன்றாம் நாள் திருச்சியில் ஏறினோம். ஓர்ப்படியின் தோப்பு இருந்தது, அதன் நடுவில் ஓட்டு வீடும் இருந்தது. அவள் திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, எங்கள் அம்மா கொல்லையில் இருக்கிறார்களா பாருங்கள் என்றாள். அங்கிருந்து திரும்பி எங்கள் ஊருக்கு மேல் வந்ததும் மாமனார் என் தோளைத் தட்டினார். கொஞ்சம் எழுந்திரும்மா, நான் ஓட்டுகிறேன் என்றார்.

ஸ்டியரிங்கை அவர் தொட்டது அதுதான் முதல் தடவை. எங்கள் வயலைக் கண்டுபிடித்து அதன் மேல் இரண்டு சுற்றுச் சுற்றினார். பக்கத்து வயல்காரரோடு அவருக்கு வரப்புத் தகராறு, கேஸ் பல வருடமாக இழுத்துக்கொண்டிருக்கிறது. மூன்றாவது சுற்றில் விமானம் மூக்கைத் தாழ்த்தியது. தூக்குங்கள், தூக்குங்கள் என்று நாங்கள் மூவரும் சொல்லச் சொல்ல, அது நேராகப் போய்ப் பக்கத்து வயல் நடுவில் விழுந்தது. கீழ்க்காற்று இழுத்திருக்கும் அப்பா, புதியதில் காற்று கொஞ்சம் முரட்டுத்தனம் என்று என் கணவர் ஆறுதல் சொன்னார்.

"காத்தெல்லாம் ஒண்ணுமில்லடா," என்றார் மாமனார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, இன்னொரு தடவை போக முடியுமா என்று என்னிடம் கேட்டார்.