பலகைக்குப் பெரட்டு

ராகலையை விட்டு நடந்துகொண்டிருந்தேன். ஓர் உருளைக்கிழங்குத் தோட்டத்தில் ஐந்து மாதம் தங்கியதே எனக்கு அதிகம். வழியில் ஒரு செருப்பு அறுந்தது. மற்றதையும் வீசிவிட்டேன். கந்தப்பளைக்குக் குறுக்குவழி என்று ஒரு தேயிலை மலையின் உச்சியிலிருந்து இறங்கியபோது தலைக்கு மேலே ட்ரோன் ஒன்று இரைந்தது. பார்த்துவிட்டுக் குனிந்தேன். அதுவரை முன்னால் நடந்த என் நிழலைக் காணவில்லை. வெயிலை மூட்டம் மறைத்திருந்தது.

மலையடியில் பெரட்டுக்களம். விடிந்ததும் பெயர் கூப்பிட்டு ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் இடம். தண்ணீர் கேட்கப் போனேன். ட்ரோன் ஓட்டும் பெண்ணின் கணினியைச் சுற்றிக் கொழுந்து பறிக்கும் பெண்கள் நின்றார்கள். படத்தில் மலையின் மேல்பாதி முழுவதும் சிவப்பு.

"நோவு புடிச்சிருக்கு. மேல்பாதிய மூடச் சொல்லி தொரைகிட்ட சொல்லப்போறேன்" என்றார் மலையை மேற்பார்க்கும் கண்டாக்கு.

"மூடிட்டா எங்களுக்கு வேல ஏதுங்க ஐயா? நேத்து அங்க கூடை கூடையாக் கொழுந்து எடுத்தோமே, பேயா எடுத்துச்சு?" என்றாள் ஒருத்தி.

கணினி அருகே சாம்பல் நிறப் பலகை ஒன்று கிடந்தது. அது எதற்கு என்று கேட்டேன்.

"இது எவ்வளவு வெளிச்சத்தத் திருப்பித் தரும்னு நமக்குத் தெரியும்ண்ணே. இதப் படம் எடுத்தா அந்த நேரத்து வெயில் எவ்வளவுன்னு கணக்கு வரும். அத வச்சு இலை எவ்வளவு திருப்பித் தருதுன்னு பார்ப்போம். நல்ல இலை கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சத்த நிறையத் தரும். இங்க கம்மியா இருக்கு, அதான் சிவப்பு" என்றாள் ட்ரோன் பெண்.

"பலகையப் படம் எப்ப எடுத்தீங்க?" என்றேன்.

"காலையில, இங்கயே, நல்ல வெயில்ல" என்றார் கண்டாக்கு. "ஆளுங்களோட சேர்த்து அதுக்கும் பெரட்டு போட்டாச்சு."

அதுதான் தோட்டத்து வழக்கம். காலையில் ஒருமுறை பெயர் விழுந்தால் நாள் முழுவதற்கும் போதும்.

"மெசின் மேல்பாதிக்கு வந்தப்ப நான் அங்கதான் நின்னேன்" என்றேன். "எனக்கு நிழலே விழல."

"அப்ப நேத்து கொழுந்து எடுத்த பேய் நீதானா?" என்றாள் அதே பெண். எல்லோரும் சிரித்தார்கள்.

ட்ரோன் பெண் சிரிக்கவில்லை. படத்தைப் பெரிதாக்கினாள். சிவப்பின் ஓரம் செடி வரிசை, தண்ணீர் ஓடும் கான் எதையும் மதிக்காமல் நேராக வெட்டிக்கொண்டு போனது. நோவு அப்படிப் பரவாது; ட்ரோன்தான் அப்படி நேர்கோட்டில் பறக்கும்.

"வெயில் கணக்க மூட்டத்துக்குப் போட்டுட்டோம் ஐயா" என்றாள்.

பலகையைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நான்தான் மேலே ஏறினேன். மூட்டம் கலையவில்லை. பலகையைத் தரையில் வைத்ததும், "தள்ளி நில்லுங்கண்ணே, உங்க சட்டைச் சிவப்பு அதுல படும்" என்றாள் கூடவே ஏறி வந்த ட்ரோன் பெண். தள்ளி நின்றேன். பலகையைப் படம் எடுத்த கையோடு, அதே வெளிச்சத்தில் ட்ரோனை அனுப்பினாள். இந்தமுறை மேல்பாதியும் கீழ்ப்பாதியைப் போலவே பச்சையாக வந்தது.

களத்துக்கு இறங்கியதும் கண்டாக்கு படத்தை உற்றுப் பார்த்தார். "மூட வேணாம். நாளைக்கும் மேலதான் கொழுந்து" என்று பெண்களிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "எத்தனாம் வகுப்பு வரைக்கும் படிச்ச?"

"எட்டு."

"ம்" என்றார். எட்டு என்று நான் தலைநிமிர்ந்து சொன்னது அன்றுதான்.

மறுநாள் காலைப் பெரட்டில் கடைசியாக என் பெயரையும் கூப்பிட்டார்கள். பலகையைச் சுமந்துபோய், வெளிச்சம் மாறும்போதெல்லாம் கேமராவுக்குக் காட்டுவது என் வேலை. எப்போது மாறுகிறது என்று சொல்வதும் நான்தான்.