மேல் மூலையில் ஒரு புள்ளி

முப்பத்து நான்கு ஆண்டுகள் மலேசியாவின் குளுவாங்கில் ஓர் அரசு அலுவலகத்தில் நகல்களை மூலத்தோடு ஒப்பிட்டு, ‘சாலினான் டியாக்குய் சாஹ்’ என்று முத்திரை குத்தினேன். உண்மை நகல் என்று பொருள். ஓய்வுபெற்ற அன்று முத்திரையைத் திருப்பிக் கொடுத்தேன். பழக்கத்தை எந்தக் கவுன்டரிலும் வாங்கிக்கொள்ளவில்லை.

என் மனைவி இயற்பியல் ஆசிரியையாக இருந்தவள். இப்போது கணினியில் படம் வரைகிறாள்; அதாவது நிரல் எழுதிவிட்டுக் கணினியை வரைய விடுகிறாள். ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரான் எங்கே இருக்கிறது என்று அவளுடைய சமன்பாடு சொல்லாது. எங்கே இருக்க வாய்ப்பு அதிகம், எங்கே குறைவு என்று மட்டும் சொல்லும். நான் பார்த்த சுற்றறிக்கைகள் பலவும் அப்படித்தான். அந்த வாய்ப்புப்படி கணினி ஆயிரக்கணக்கில் புள்ளிகளைத் தூவ, கறுப்பில் இரண்டு ஒளிமேகங்கள் திரளும். அவள் இல்லாத நேரத்தில் அதன் முன் வெகுநேரம் நின்றிருக்கிறேன். சொன்னதில்லை.

நகர மண்டபத்து ஓவியக் கண்காட்சிக்கு முதன்முறையாக ஒரு படம் அனுப்ப ஒப்புக்கொண்டாள். திறப்பு விழாவுக்கென்று, துணிக்கடைகளுக்குப் பேர்போன தங்காக் போய்ச் சேலையும் எடுத்துவிட்டாள். விண்ணப்பப் பாரம் நிரப்புவது என் இலாகா.

“எதால செஞ்சதுன்னு கேக்குறாங்க.”

“சமன்பாடுன்னு எழுதுங்க.”

‘தாளில் மை’ என்று எழுதினேன். கணினித் திரையில் இருந்த படத்தைப் புகைப்படம் எடுத்து ஒட்டி, யாரும் கேட்காமலே அதன் ஓரத்தில் உண்மை நகல் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

கடைசி நாள். பன்னிரண்டு மணிக்குள் படத்தை ஒப்படைக்க வேண்டும். பதினொன்றரைக்குக் கவுன்டரில் இருந்த தமிழ்ப் பெண் புகைப்படத்தையும் சட்டமிட்ட படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அங்கிள், போட்டோவுல மேல் மூலையில தனியா ஒரு புள்ளி இருக்கு. படத்துல காணோமே?”

மனைவியைப் பார்த்தேன்.

“அச்சுக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி இன்னொரு வாட்டி ஓட்டுனேன். ஒவ்வொரு வாட்டியும் புள்ளி வேற இடத்துல விழும்.”

“பழசு?”

“சேமிக்கல.”

“அப்ப மூலம் எது?”

“அப்படி ஒன்னு இருந்தாத்தானே?”

புகைப்படத்தின் ஓரத்தில் இருந்த என் கையெழுத்தைப் பார்த்தேன்.

“சும்மா போட்டோன்னா நான் ஒப்பிட்டே பார்த்திருக்க மாட்டேன், அங்கிள். நீங்க சாஹ்னு எழுதி சைன் வேற போட்டிருக்கீங்க. எப்படி லா எடுத்துக்கறது?” என்றாள் அந்தப் பெண். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆன்ட்டி, வெள்ளை மார்க்கர் இருக்கு. ஒரே புள்ளி. யாருக்குத் தெரியும்?”

நல்ல யோசனை என்று நானே கையை நீட்டினேன். மனைவி படத்தை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“தானா விழுந்தாத்தான் புள்ளி. நான் வெச்சா பொய். வேணாம்மா, எடுத்துட்டுப் போறோம்.”

சான்றளித்தவரே தன் சான்றை ரத்து செய்யலாம் என்றொரு விதி உண்டு. பலருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், எனக்குத் தேவைப்பட்டதில்லை. பேனாவைக் கேட்டு வாங்கி, என் கையெழுத்தின் மேல் கோடு இழுத்து, ‘பாத்தால்’, அதாவது ரத்து என்று எழுதி, அதற்கும் கையெழுத்திட்டேன். நேரம் முடியும்வரை இணைப்பை மாற்றலாம் என்பதையும் நினைவூட்டினேன். அந்தப் பெண் படத்தைக் கைப்பேசியில் பிடித்து, அச்செடுத்து ஒட்டினாள்.

“இதுக்கும் சாஹ் போடுறீங்களா, அங்கிள்?”

“அலமாக்! அவரு கையில பேனாவக் குடுக்காதம்மா,” என்றாள் மனைவி.

படம் உள்ளே போனது. கிழித்தெடுத்த பழைய புகைப்படத்தை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த முதல் ஓட்டத்தில் மிஞ்சியது அது ஒன்றுதான். இப்போது எங்கள் குளிர்பெட்டிக் கதவில் இருக்கிறது, மூலையில் புள்ளியும் ஓரத்தில் அடிக்கப்பட்ட என் கையெழுத்துமாக.