சின்ன டிஸ்கஷன்

வேன் முடிச்சூரைத் தாண்டுவதற்குள் கலீல் பாய் அந்த மெசேஜை எனக்கு மூன்று விதமாகப் படித்துக் காட்டிவிட்டார். சாதாரணமாக ஒரு முறை, குரலை இறக்கி ஒரு முறை, அனுப்பிய கம்பெனி ஹெச்.ஆர். தமிழினி மேடம் மாதிரியே சிரித்துக்கொண்டு ஒரு முறை. முந்தின நாள் சாயங்காலம் வந்த மெசேஜ். "கலீல் அண்ணா, நாளைக்கு ரெண்டு மணிக்கு ஒரு சின்ன டிஸ்கஷன்." அதில் இருப்பதே அவ்வளவுதான்.

"சின்னன்னு எதுக்குண்ணா போட்டிருக்காங்க?"

"சீக்கிரம் முடிஞ்சிரும்னு போட்டிருப்பாங்க. சும்மா வா, பாய்."

"சீக்கிரம் முடியற பேச்சு நல்ல பேச்சா இருக்காதேண்ணா."

ஒரகடம் பக்கம் கார்களுக்கு வயர் கட்டித் தரும் கம்பெனியில் அவர் லைன் லீடர். நான் அந்தக் கம்பெனி வேனை ஓட்டுகிறேன். என் பக்கத்து சீட் அவருடையது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை, ஆனால் வேறு ஆள் உட்காருவதில்லை. ஒல்லியான ஆள். சட்டைப் பையில் ஒரு சீப்பு உண்டு. பயம் வந்தால் தலை வாருவார். தலையில் வாருவதற்குப் பெரிதாக ஒன்றும் மிச்சமில்லை, ஆனாலும் சீப்பு வெளியே வராத நாள் குறைவு.

பேசுவதற்கு இங்கிலீஷில் எத்தனை வார்த்தை இருக்கிறது என்று பாயைக் கேட்டால்தான் தெரியும். அர்த்தத்தை அவர் அகராதியில் பார்ப்பதில்லை. எந்த வார்த்தைக்குப் பின்னால் என்ன நடந்தது என்று பார்த்து வைத்திருக்கிறார். மீட்டிங் என்றால் பயமில்லை. எல்லோரும் நின்றுகொண்டு கேட்பது, திட்டு பத்துப் பேருக்குப் பிரிந்துவிடும். ரிவ்யூவில் அவர் பெயர் திரையில் வரும், அன்றைக்குச் சோறு இறங்காது. பிரெய்ன்ஸ்டார்மிங்குக்கு பிஸ்கட் தருவார்கள், யோசனை கேட்பார்கள், பிறகு அந்த யோசனையைப் பற்றி யாரும் மூச்சு விடமாட்டார்கள். "கனெக்ட் பண்றேன்னு சொல்றவங்க பண்ணவே மாட்டாங்கண்ணா, அது நிம்மதி" என்பார். டிஸ்கஷன் மட்டும்தான் கண்ணாடி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு நடப்பது. ஸ்டோர்ஸ் சுந்தரராமன் போன மாசம் அதற்குப் போனவர், ஷிப்ட் முடியும் முன்பே சாப்பாட்டுப் பையோடு கேட்டைத் தாண்டினார், திரும்பி வரவில்லை.

"காலேஜ் போற பொண்ணு இருக்கே, அத்தக் கேக்கறதுதானே?" என்றேன்.

"சோயாவக் கேட்டேன். கலந்து பேசறது அத்தா, அவ்ளோதான்னுச்சு." சீப்பு வெளியே வந்தது. "என்கிட்ட கலந்து பேச இன்னாண்ணா கீது? இத்தினி வருஷத்துல எனக்கு டீ வேணுமான்னுகூட யாரும் கலந்து பேசினதில்ல."

படப்பையில் புஷ்பம் ஏறினாள். பாயின் லைனில் டேப் சுற்றுகிறவள், வாயும் கையும் ஒரே வேகம். பாய் திரும்பி உட்கார்ந்து அவளிடம் சொன்னதைக் கேட்டதும் எனக்கே திக்கென்றது. "இன்னிக்குக் காலைல மீட்டிங் நீ நடத்து புஷ்பம். நான் பக்கத்துல நிக்கறேன். எனக்கப்புறம் லைனுக்கு ஒரு ஆள் வேணும் இல்ல?" அன்று ஷிப்ட் தொடங்கியபோது அவள்தான் பேசினாளாம், எல்லோரும் கை தட்டினார்களாம். பாய் தன் லாக்கரைக் காலி பண்ணிச் சாவியையும் அவளிடமே கொடுத்துவிட்டார். பிடுங்குவதற்கு முன்னால் தானே கொடுத்துவிட வேண்டும், அவர் சுபாவம் அப்படி.

சாயங்காலம் வேனை எடுக்கும்போது முதல் ஆளாக வந்து ஏறிக்கொண்டார். முகத்தில் ரத்தமில்லை.

"போச்சா, பாய்?"

"எனக்குப் போவலண்ணா." பின்னால் ஆள் ஏறிவிட்டதா என்று பார்த்துக்கொண்டார். "ஆர்டர் கம்மியாயிடுச்சாம். லைன்ல ஒரு ஆளக் குறைக்கணுமாம். புஷ்பமாம். நீங்க சொன்னா அவங்க அழமாட்டாங்க கலீல் அண்ணா, நாளைக்குக் காலைல நீங்களே ஒரு சின்ன டிஸ்கஷன் வெச்சுடுங்க, பாசிட்டிவா பேசுங்கன்றாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"ஓகே மேடம்னுட்டேன். வாயில அதுதாண்ணா வந்துச்சு. புஷ்பம் இன்னிக்கு மீட்டிங் நல்லா நடத்திச்சு மேடம்னு சொல்லியிருக்கலாம்ல? வெளிய வந்தப்புறம்தான் தோணுது."

கியரைப் போட்டேன்.

புஷ்பம் ஏறியதுமே ஆரம்பித்துவிட்டாள். "இன்னா பாய், வேலை தப்பிச்சுதா?"

"தப்பிச்சுது."

"பாத்தியா, ஒண்ணும் ஆவாதுன்னேன்ல. ஞாயித்துக்கெழமை பிரியாணி போட்டுடு. இந்தா ஒன் சாவி. அவசரப்பட்டு லாக்கரக் காலி பண்ண ஆளு நீதான்!" வேனே சிரித்தது. பாய் சாவியை வாங்கவில்லை. "இருக்கட்டும்" என்றார்.

"நாளைக்கும் நானே மீட்டிங் நடத்தட்டா பாய்? வூட்ல சொன்னா நம்பமாட்டாங்க, போட்டோ எடுத்துக் குடு."

அவர் திரும்பவில்லை. சீப்பையும் எடுக்கவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார். நாளைக் காலை அந்தக் கண்ணாடி அறையில் மேசைக்கு இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அவள். எனக்கே வண்டி ஓடவில்லை.

படப்பை மார்க்கெட்டில் நிறுத்தினேன். புஷ்பம் கூடைப் பையோடு இறங்கினாள். பாயும் முன் கதவைத் திறந்து காலைக் கீழே வைத்தார்.

"இன்னா பாய், ஒன் வூடு தாம்பரத்துல கீது, இங்க எதுக்கு எறங்கற?"

"உங்கிட்ட கொஞ்சம் பேசணும் புஷ்பம். நடந்துகினே பேசலாம் வா."

பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்துத் தொலைத்தான். வண்டியை நகர்த்திக்கொண்டே கண்ணாடியில் பார்த்தேன். புஷ்பம் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கலீல் பாய் கையை நீட்டி அவளுடைய கூடைப் பையை வாங்கிக்கொண்டார்.