பூங்கா வாசலில் ஒரு சுருள் கடலை

1992ஆம் ஆண்டு ஏப்ரல் 26, ஞாயிற்றுக்கிழமை. பொகவந்தலாவையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு அன்று வேலை இல்லை. அப்படியும் அம்மா வழக்கம்போல விடியுமுன் எழுந்து, பீலியில் தண்ணீர் பிடித்து, அடுப்பை மூட்டி, எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். அப்பா எங்கள் வரிசை வீட்டு லயத்தின் வாசலில் நின்று முகம் மழித்தார். சித்தி வாசல் கூட்டினாள். ரொட்டி சுட்டார்கள், எனக்கு மட்டும் கொடுக்கவில்லை. நுவரெலியா போகும் வளைவுப் பாதையில் பஸ் ஏறினால் நான் வாந்தி எடுப்பேன் என்பது குடும்பம் முழுவதும் அறிந்த விஷயம். ரொட்டிக்குப் பதிலாக ஒரு எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்து முகர்ந்துகொண்டே வரச் சொன்னார்கள். நுவரெலியாவில் இறங்கியதும் கேட்டதெல்லாம் வாங்கித் தருவதாக மாமா வாக்குக் கொடுத்திருந்தார். எட்டு வயதுப் பெண்பிள்ளையான எனக்கு அதற்கு மேல் எந்த விளக்கமும் தேவைப்படவில்லை.

நுவரெலியாவில் ஏப்ரல் மாதம் கூட்டம் கூடும் சீசன் பார்க்கப் போகிறோம் என்றுதான் என்னிடம் சொன்னார்கள். உண்மையில் சித்தியைப் பெண் பார்க்கும் நாள் அது. அம்மாவின் தங்கையான சித்தி எங்களோடுதான் இருந்தாள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும் நேரத்தில் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அதற்கு முன் இரண்டு முறை மாப்பிள்ளை வீட்டார் லயத்துக்கே வந்து அவளைப் பார்த்தார்கள். எங்கள் ஆட்களின் வழக்கத்தில், சம்மதம் என்றால்தான் மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைப்பார்கள். வந்த இரண்டு கூட்டமும் அம்மா சுட்டு வைத்த பலகாரத்தைத் தொடவில்லை. "போயிட்டுக் கடுதாசி போடுறோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கடுதாசி வரவில்லை. லயத்தில் இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர். வராத கடுதாசியைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மூன்றாவது முறையும் இப்படி நடந்தால் இனி யார் முன்னாலும் வந்து நிற்கமாட்டேன் என்று சித்தி அம்மாவிடம் முடிவாகச் சொல்லியிருந்தாள்.

எனவே மாமா ஒரு திட்டம் போட்டார். மாமா அம்மாவுக்கு அண்ணன். அட்டனில் ஒரு துணிக்கடையில் வேலை. இரண்டு குடும்பமும் சீசன் கூட்டத்துக்குள் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வது, பிடிக்காவிட்டால் கூட்டத்தோடு கூட்டமாகக் கலைந்துபோவது, லயத்துக்கு ஒன்றும் தெரியாமல் பார்த்துக்கொள்வது என்பது ஏற்பாடு. அம்மா ஒரே ஒரு நிபந்தனை சேர்த்தாள். அவர்கள் முன்னால் பெரியவர்கள் யாரும் எதையும் தின்னக்கூடாது, அவர்களுக்கும் எதையும் நீட்டக்கூடாது. நீட்டினால் சம்மதத்தை வற்புறுத்திக் கேட்பதாக ஆகிவிடும்.

பூங்கா வாசலில் இறங்கியபோது எனக்கு இருந்த பசியை இப்போதும் வயிற்றில் உணர முடிகிறது. முதலில் அவித்த சோளம். கொதிக்கும் அண்டாவிலிருந்து மடலைப் பிடித்துத் தூக்கி, உப்புத் தண்ணீர் தெளித்துக் கொடுத்தார்கள். குளிருக்கு அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு தின்றேன். அடுத்தது அன்னாசி, மிளகாய்த்தூளும் உப்பும் தூவியது. பிறகு பருப்பு வடை, கடித்துக்கொள்ளப் பச்சை மிளகாயுடன். மாமா சொன்ன சொல் தவறவில்லை. கடைசியாகக் கடலை வண்டியின் முன்னால் போய் நின்றேன். "உணு உணு கடல! சுடச்சுடக் கடல!" என்று கத்திக்கொண்டிருந்த வண்டிக்காரர், அவித்த கொண்டைக்கடலையைத் தாச்சிச் சட்டியில் போட்டு, செத்தல் மிளகாய், வெங்காயம், தேங்காய்ச் சொட்டு எல்லாம் சேர்த்து ஒரு புரட்டுப் புரட்டி, யாரோ ஒரு பிள்ளையின் கணக்குப் பரீட்சைத் தாளைச் சுருட்டி அதில் நிரப்பிக் கொடுத்தார். வீடு போய்ச் சேரும்வரை ஒவ்வொன்றாகத் தின்பதென்று தீர்மானித்தேன்.

அப்போதுதான் மாமா பூங்காவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"அட, என்னங்க இது! நீங்களும் இங்கதானா!"

எதிரில் கம்பளிச் சால்வை போர்த்திய ஒரு அம்மாவும், கழுத்துப் பொத்தான்வரை பூட்டிய சட்டையில் ஒரு ஆளும் நின்றார்கள். நானுஓயாப் பக்கத்துத் தோட்டம் என்றார்கள். அந்த அம்மாவும் ஆச்சரியப்பட்டாள். ஆனால் மாமா அளவுக்கு நன்றாகச் செய்யவில்லை. பிறகு கேள்விகள் வந்தன. பிள்ளை எங்கே வேலை செய்கிறது, ரொட்டி நன்றாகச் சுடுமா, பனிக்கு இருமல் வருமா என்றெல்லாம். அம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். சித்தி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மாவின் கண் கடைசியில் என்மேல் விழுந்தது.

"வந்ததுலேருந்து பாக்குறேன், இந்தப் புள்ள வாய மூடல. இது வயிறா, கொழுந்துக் கூடையா?"

"நானும் சின்னதுல அப்படித்தானேம்மா? நீங்கதானே கொழுந்துச் சாக்குன்னு சொல்லுவீங்க" என்றார் அந்த ஆள்.

சித்தி தலை நிமிர்ந்து அவரை ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

அந்த அம்மா சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "சரிங்க, பனி ஏறுது. போயிட்டுக் கடுதாசி போடுறோம்."

அம்மாவின் முகம் வாடியது. அப்பா தொண்டையைச் செருமினார். மாமா பஸ் நிற்கும் பக்கம் திரும்பிப் பார்த்தார். சித்தி மட்டும் என் பக்கம் குனிந்து, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"நீயே தின்னுக்கிட்டு நிக்கிறியே. அந்த மாமாவுக்கும் கொஞ்சம் குடு."

எனக்கு மனமே இல்லை. என்றாலும் சித்தி சொல்லிவிட்டாளே என்று சுருளை நீட்டினேன். "தம்பி!" என்றாள் அவர் அம்மா. எல்லோரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். சித்தி தன் செருப்பைப் பார்த்தாள். அவருடைய கை சுருளுக்குள் போனது. அவர் தின்றார்.

"காலையிலேருந்து ஒண்ணும் சாப்புடலங்க. அதான் பசி" என்று அவர் அம்மா அவசரமாகச் சொல்லி, மகனின் முழங்கையைப் பிடித்து நானுஓயா வேன் நின்ற பக்கம் நடத்திக்கொண்டு போனாள். கடுதாசியைப் பற்றி அதற்குப் பிறகு அவள் ஒன்றும் சொல்லவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் எலுமிச்சம்பழத்தோடு அம்மாவின் மடியில் பாதித் தூக்கத்தில் கிடந்தேன். தலைக்கு மேலே வழக்கு நடந்தது.

"கடலயெல்லாம் சாப்பாட்டுல சேராது மச்சான்" என்றார் அப்பா.

"ஏன் சேராது? அவிச்சதுதானே? தண்ணி பட்டத தொட்டா கை நனஞ்சதுதானே?" என்றார் மாமா.

"அவிச்சிட்டு வறுத்திருக்கான். ஈரம் போயிருச்சு."

"நம்ம வீட்டுல வச்சா சாப்புட்டாரு? தெருவுலதானே" என்றாள் அம்மா.

"வாங்கிக் குடுத்தது யாரு? நான். அப்ப அது நம்ம வீட்டுக் கடலதான்."

முன் சீட்டில் இருந்த, முன்பின் தெரியாத ஒரு பெரியவர் திரும்பினார். "வெங்காயம் மிளகா சேந்துச்சாங்க? சேந்திருந்தா அது கறிங்க."

மாமா அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆனால் பெரியவர் விடவில்லை. "எத்தன எடுத்தாரு, அதச் சொல்லுங்க. ஒண்ணு எடுத்தா புள்ள மனசு நோகாம எடுத்தது. அள்ளி எடுத்தா அது வேற."

கையை யாரும் பார்த்திருக்கவில்லை. ஜன்னல் ஓரமாக இருந்த சித்தி அட்டன் வரைக்கும் வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். சுருளைப் பிடித்துக்கொண்டிருந்த என்னை எழுப்பிக் கேட்க வேண்டும் என்று பெரியவர்கள் யாருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் திங்கட்கிழமை. வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆள் கிளம்புமுன், அம்மா அடுப்பில் கேத்தலைக்கூட வைக்காத நேரத்தில், சித்தி என்னை உலுக்கி எழுப்பினாள்.

"ஏய், எந்திரி. ஒண்ணு கேக்குறேன், நெசத்தச் சொல்லணும். அவரு எத்தன கடல எடுத்தாரு?"

இந்த அநியாயத்தை யாராவது விசாரிக்க மாட்டார்களா என்று நானும் ஏங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

"மொதல்ல ஒண்ணுதான் சித்தி எடுத்தாரு. பெறகு ஒங்களப் பாத்தாரு. பாத்துட்டு, கைய உள்ள விட்டு அள்ளிட்டாரு. அடியில வெறும் வெங்காயந்தான் கெடந்துச்சு."

"தேங்காச் சொட்டு?"

"அதையும்."

சித்தி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன். தோள் குலுங்கியதைப் பார்த்தால் சிரிக்கிறாள். பறிகொடுத்தவள் நான், இவளுக்கு என்ன சிரிப்பு என்று கோபம் வந்து போர்வையைத் தலையோடு இழுத்துக்கொண்டேன். அவள் போர்வையை விலக்கி என் காதருகே குனிந்தாள்.

"இன்னொரு தடவ சொல்லு. மொதல்லேருந்து."

எனக்காக நியாயம் கேட்கப்போகிறாள் போலிருக்கிறது என்று நம்பி, எழுந்து உட்கார்ந்து, ஒன்று விடாமல் மறுபடி சொன்னேன்.