மண்ணைக் கிளப்பிக்கொண்டு வந்த குஞ்சு

அதை விடு பிள்ளை, வியா மக்வேதாத் தெருவிலை துணிக்கடைக்காரியோடை என்ரை மருமகள் பேரம் பேசின கதையைப் பிறகு சொல்லுறன். நேற்று எங்கடை வீட்டு டீவீயிலை நடந்ததை முதல்ல கேள். நீ அடுத்த வீடு, சத்தம் கேட்டிருக்கும். கத்தினது நான்தான்.

என்ரை அண்ணையைத் தெரியும்தானே. மேல்மாடியிலை மகளோடை இருக்கிறவர், பின்னேரத்திலை எங்கடை வீட்டுக்கு டீவீ பாக்க வருவார். இத்தாலிப் பாஷை ஒரு சொல் விளங்காது, ஆனா நீதவான் மாதிரி இருந்து பாப்பார். அந்த மனுசன் சின்னனிலை இருந்து என்னை எப்பிடிக் கூப்பிடுறவர் தெரியுமோ? முட்டைப் புளுகி. என்ரை கலியாணத்தண்டும் மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னாலை அப்பிடித்தான் கூப்பிட்டவர். நான் பலேர்மோவுக்கு வந்து இறங்கின கையோடை என்ரை பேத்திக்கும் அதைத்தான் சொல்லிக் குடுத்தவர்.

ஏனெண்டு கேள். எங்கடை மாமா, அம்மான்ரை தம்பி, வல்வெட்டித்துறையிலை இருந்து பாய்க்கப்பலிலை போறவர். நிக்கோபார்த் தீவிலை கொப்பறாத் தேங்காய் ஏத்துவினமாம். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு கதையோடை வருவார். ஊர் அவரை நம்பாது, ஆனா கேக்க மட்டும் வட்டமாய் வந்து குந்திவிடும். ஒருக்கா ஒரு பானை மண்ணுக்குள்ளை முட்டை ஒண்டு கொண்டுவந்தார். நீட்டு முட்டை, செம்மண் நிறம், எனக்கு ரெண்டு கையும் வேணும் பிடிக்க. கப்பல் அடுப்படியிலை சூடு பாத்து வைச்சிருந்தவராம். அந்தத் தீவுக் கோழி அடைகிடவாதாம். சுடுமண்ணுக்குள்ளை முட்டையைப் புதைச்சிட்டுத் தன்ரை பாட்டிலை போயிடுமாம். குஞ்சு தானாய் மண்ணைக் கிளப்பிக்கொண்டு வந்து அண்டைக்கே பறக்குமாம்.

அம்மாவுக்குச் சிரிப்பு. தாய் அடைகிடவாத முட்டை எங்கையேன் பொரிக்குமோ எண்டு, எங்கடை அடைக்கோழிக்குக் கீழை வைச்சுவிட்டா. கோழி ஏறிப் பாத்துது, சறுக்கி விழுந்துது, பிறகு கோவிச்சுக்கொண்டு போட்டுது. அதுக்கும் ஒரு மானம் இருக்குத்தானே. அண்ணை அதை முதலை முட்டை எண்டார். ஐயா கூழ்முட்டை எண்டார். மாமாவும் அடுத்த பயணம் வெளிக்கிட்டிட்டார். அம்மா எறியத் தூக்க, நான் பறிச்சுக்கொண்டு ஓடிப்போய் நெல்லவிக்கிற அடுப்புக்குப் பக்கத்து மண்ணுக்குள்ளை புதைச்சன். அந்த மண் எப்பவும் உடம்புச் சூட்டிலை இருக்கும். கையை விட்டு விட்டுப் பாப்பன். எத்தினை நாளெண்டு கேளாதை, எனக்கு அப்பவும் எண்ணத் தெரியாது, இப்பவும் தெரியாது.

ஒரு மத்தியானம் எல்லாரும் படுத்திட்டினம். மண் அசைஞ்சுது. முதல்ல ஒரு கால், உடம்புக்குப் பொருந்தாத பெரிய கால். பிறகு தலை. பிறகு முழுச் செட்டையோடை ஒரு குஞ்சு. உதறிச்சுது, என்னைப் பாத்துது, ஓடிச்சுது, வேலிக்கு மேலாலை பறந்துது. நான் கூப்பிட்டு எல்லாரும் வந்து பாத்தா, குழியும் ஓட்டுத்துண்டும்தான் கிடக்கு. கீரி திண்டிட்டுது, பெட்டை புளுகுறாள் எண்டார் அண்ணை. அண்டைக்குப் பிடிச்ச பேர்தான் பிள்ளை.

நேற்று டீவீயிலை ஒரு கடற்கரை. கோழி மாதிரி ஒண்டு மண்ணைக் கிண்டிக்கொண்டு நிக்குது. பேத்தி கேட்டுக் கேட்டுச் சொன்னாள்: "அம்மம்மா, இது மண்ணுக்குள்ளை முட்டையை மூடிட்டுப் போயிடுதாம். குஞ்சு சோலோ, சோலோ வருதாம். தனிய." சொல்லி முடிய முன்னம் மண் அசைஞ்சுது. அதே கால். அதே உதறல். பறந்துது. நான் கத்தின கத்து பல்லரோச் சந்தை மீன்காரன்ரை கூவலையும் அமத்தியிருக்கும்.

அண்ணை வாயிலை வைச்ச பிஸ்கோத்தை விழுங்கேல்லை. என்ரை பக்கம் திரும்பிக் கேட்டார்:

"அப்ப அது பறந்ததோ?"

"பறந்தது."

"வேலிக்கு மேலாலையோ?"

"மேலாலை."

"முழுக்கச் சொல்லு, தங்கச்சி."

தங்கச்சி எண்டார் பிள்ளை. நான் காலுக்கு மேலை கால் போட்டுக்கொண்டு, முதல்ல இருந்து, ஒண்டும் விடாமல் சொன்னன். படியேறேக்கை, கூட்டிப்போக வந்த மகளுக்குச் சொல்லிக்கொண்டு போறார், அது மெய்தானாம்.

ஒண்டுதான் பிள்ளை. மாமா பயணத்தாலை திரும்பினவுடனை ஓடிப்போய் அவரிட்டைச் சொன்னனான். எந்தப் பக்கம் பறந்தது எண்டு காதோடை கேட்டார். கடல் பக்கம் எண்டன். அந்த முகத்திலை வந்த சிரிப்பை நீ பாத்திருக்கோணும். ஆனா அண்டு பின்னேரம் அண்ணை எல்லாருக்கும் முன்னாலை என்னைப் புளுகி எண்டேக்கை, மாமா எனக்காக ஒரு சொல்லுக் கதைக்கேல்லை, எழும்பி வெளியிலை போட்டார். எனக்கு வந்த கோவத்திலை அவர் தந்த கற்கண்டைக் கோழிக்கு எறிஞ்சன். ஊர் நம்பாத வாய் தன்ரை வாய் எண்டு அவருக்குத் தெரியும். அந்த வாயாலை எனக்குச் சாட்சி சொன்னா, என்ரை மெய்யும் அவரின்ரை கதைகளோடை ஒண்டாய்ப் போயிருக்கும். அது அப்ப இருந்த அந்தச் சின்னப் பெட்டைக்கு எங்கை விளங்கினது, அவள் என்னடா எண்டா...

ஐயோ, ஷிரோக்கோக் காத்து எழும்பிட்டுது. பால்கனியிலை மிளகாய் காயப்போட்டனான், கீழ்வீட்டுச் சிஞ்ஞோரா அம்மான்ரை வெள்ளைத் துணி முழுக்கக் கொட்டப்போகுது. எழும்பு பிள்ளை, அந்தச் சுளகை எடுத்துக்கொண்டு ஓடி வா.