கலாவுக்குப் பதிலாக வந்த கலா

வாயைத் திறக்கச் சொன்னால் மூடிக்கொள்வார்கள், மூடச் சொன்னால் பேச ஆரம்பிப்பார்கள். ஒரகடத்தில் ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தமும் எச்சிலும் எடுப்பது என் வேலை. வரிசையில் உட்கார்ந்து நொந்துபோனவர் நீங்கள் என்றால், எதிரே நின்றவன் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

வெறும் பஞ்சு

புவனாவும் கலாவும் இரட்டையர். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரே போன் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். கலாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி டயாலிசிஸில் இருந்தாள். புவனா ஒன்றைத் தர முன்வந்தாள். இருவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்களா என்று டிஎன்ஏ பார்த்துவரச் சொல்லியிருந்தார் டாக்டர். ஒரே கரு என்றால் புதுச் சிறுநீரகத்தைக் கலாவின் உடம்பு தன்னுடையதாகவே எடுத்துக்கொள்ளும்; எதிர்ப்பை அடக்கும் மருந்து அதிகம் தேவைப்படாது.

முதலில், காலையில், புவனா வந்தாள். ஊசி கிடையாது, கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்தால் போதும் என்றதும் அவளுக்கு என்மேல் இருந்த மரியாதையே போய்விட்டது.

"கிட்னி குடுக்க வந்தவகிட்ட எச்சில் கேக்கறீங்களே சார், ரத்தமாவது எடுத்துக்கோங்க."

மாலையில் வந்தவள்

மாலையில் கலா வந்தாள். வேறு சுடிதார், வேறு வகிடு. ஆதாரைப் பார்த்தேன், ஆதார் படத்தில் யார்தான் தன்னைப் போல இருக்கிறார்கள்? பஞ்சை உறையில் போட்ட பிறகுதான் கையைக் கவனித்தேன். டயாலிசிஸ் செய்துகொள்கிறவர் கையில் ஊசித் தழும்புகள் இருக்கும். இந்தக் கை வழவழவென்று இருந்தது. மருதாணிகூடக் காலையில் பார்த்ததுதான்.

நீங்கள் புவனாதானே என்று கேட்டதும் ஒப்புக்கொண்டாள். கலா டயாலிசிஸ் முடிந்து அசந்து படுத்திருக்கிறாளாம். ஒருத்திக்கு முடியாவிட்டால் மற்றவள் போவது பள்ளிக்கூடத்திலிருந்தே வழக்கமாம். வெவ்வேறு கரு என்று வந்தால் தன்னைக் கழித்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரே ஆளின் எச்சில் இரண்டையும் அனுப்பினால் ஒரே கரு என்றுதான் வரும். அதை நம்பி மருந்தைக் குறைத்தால் வைத்த சிறுநீரகத்தைக் கலாவின் உடம்பு ஏற்காது என்றேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"அவளுக்குப் போட வேண்டிய தடுப்பூசியகூட நான்தான் சார் போட்டுக்கினேன். இந்தப் பஞ்சுலயா அவ உசுரு கீது?"

அசல் கலா

மறுநாள் புவனாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அசல் கலா வந்தாள். உடம்பு இளைத்திருந்தாலும் வாய் இளைக்கவில்லை.

"நான்னு ஒருத்தி கீறேன்றதே இவளுக்கு மறந்துடும் சார்."

ரிசல்ட்

வெவ்வேறு கரு. பார்த்தவர்களெல்லாம் அச்சு அசல் என்ற இருவரும், டிஎன்ஏ கணக்கில் சாதாரண அக்கா தங்கைதான். புவனா அங்கேயே அழுதுவிட்டாள். கூடப்பிறந்தவர்களும் தரலாம், மற்ற பரிசோதனைகள் பொருந்த வேண்டும், டாக்டரைப் போய்ப் பாருங்கள் என்றேன். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ அக்கான்னே எழுதிக்கோங்க சார். அக்கா குடுத்தா வேணாம்னுடுவாங்களா?"

நீட்டிய கை

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எல்லாம் பொருந்தி ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. கலா இப்போது ரத்தப் பரிசோதனைக்கு என்னிடம்தான் வருகிறாள். கன்னம் பூசினாற்போல் ஆகி, மறுபடி புவனாவைப் போலவே இருக்கிறாள். போன தடவை நான் கேட்பதற்கு முன்பே தழும்புக் கையை மேஜைமேல் நீட்டினாள்.

"நான்தான் சார், நல்லா பாத்துக்கோங்க."

இரட்டையர் என்று யார் வந்தாலும், வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன் இப்போதெல்லாம் கையை நீட்டச் சொல்கிறேன்.