இடது மூலைக்கு அடித்த பந்து

விட்டுப்போன கிளப்புக்குத் திரும்பாதே என்று எல்லோரும் தலைதலையாக அடித்துக்கொண்டார்கள். வேணி கேட்டால்தானே! சென்னையில் பல வருஷம் ஃபுட்பால் ஆடியவள், தன் பழைய மண்ணச்சநல்லூர் அணிக்கே வந்து நின்றாள். அதே மைதானம், அதே பச்சைச் சட்டை, வேலிக்கு அப்பால் ரைஸ்மில் களத்தில் அதே அவித்த நெல்லின் வாசனை. வேறென்ன வேண்டும்?

முதல் ஆட்டத்திலேயே பந்து காலுக்கு வந்ததும், நிமிர்ந்துகூடப் பார்க்காமல் இடது மூலைக்கு ஓங்கி அடித்தாள். அங்கே தோழி வள்ளிக்கண்ணு ஓடி வருவாள், எப்போதும் அப்படித்தான். பந்து ஆளில்லாத மூலையைத் தாண்டி, காயப்போட்ட நெல்லில் போய் விழுந்தது.

"யாருக்குக்கா அடிச்சீங்க?" என்றாள் அணியின் இளையவள் தேவதர்ஷினி.

வள்ளிக்கண்ணு கல்யாணமாகி மஸ்கட் போனது வேணிக்குத் தெரியும். காலுக்குத்தான் தெரியவில்லை.

நெல்லில் பந்தை விட்டவளே போய் எடுத்து, கலைந்த நெல்லைக் காலால் துழாவிச் சரிசெய்ய வேண்டும் என்பது கிளப் வழக்கம். அந்நாளில் யார் விட்டாலும் தோழிகள் இருவருமே போவார்கள். மில்காரரின் ஏச்சையும் சேர்ந்தே வாங்குவார்கள்.

"நானும் வரேங்க்கா."

"வேணாம்மா, நான் பாத்துக்கறேன்."

சூடான நெல்லைத் துழாவிக்கொண்டு தனியாக நடந்தாள் வேணி, இடப்பக்கம் ஒரு ஆளுக்கு இடம் விட்டு.